காதாலை ஓடுறன்

ம்ம்ம் எண்டு இழுக்குது. சரி, உப்பிடியே இழு ராசா, உதுக்கு மேலை ஏறாதை. அந்த ம்ம்ம்முக்குள்ளை ஒரு கறகறப்பு வந்தால் கால் கூட அமத்துது எண்டு அர்த்தம், உடனை எடுக்கோணும். எடுத்தனோ? எடுத்தன் போல, சத்தம் பதியுது, அப்ப கால் மேலை வந்திட்டுது. என்ரை கால் என்ன செய்யுதெண்டு எஞ்சின் சொல்லித்தான் எனக்குத் தெரியுது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து உங்கடை பெடியனை இன்ன கடையடியிலை கண்டனான் எண்டு சொல்லுற மாதிரி. சிரிப்பு வருது. சிரிக்கப்படாது. சிரிச்சால் பக்கத்திலை இருக்கிற பிறேமன் உடனை, என்னண்ணை, எங்களுக்கும் சொல்லுங்கோவன் எண்டு தொடங்குவான், பின் சீற்றிலை தவமலர் தொடங்குவா, அவவுக்குப் பக்கத்திலை சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள், அந்தச் சத்தத்துக்குள்ளை என்ரை ம்ம்ம் துலைஞ்சு போகும். ம்ம்ம் துலைஞ்சால் கால் துலைஞ்சுது. கால் துலைஞ்சால் இந்த நாலு பேரும்… வேண்டாம், உதை நினையாதை, றோட்டைப் பார். றோட்டு எங்கை கிடக்கு பாக்கிறதுக்கு? நேரம் மத்தியானம்தான், எண்டாலும் வானமும் றோட்டும் வீட்டுக் கூரையளும் ஒரே மாவு. நாங்கள் வேலைக்குப் போற மஃபின் பக்டரியிலை மா மூட்டை வெடிச்சால் உப்பிடித்தான் இருக்கும், அதுக்குள்ளை கிருபைராசா சுப்பவைசர் தும்மிக்கொண்டு… நிப்பாட்டு. உனக்கு எல்லாம் பகிடி. சிவப்பு லைற் வருது. இப்ப பிறேக். பிறேக்குக்குத்தான் சத்தமில்லை, அதுதான் கொடுமை. பிறேக்குக்கு நெஞ்சுதான் சாட்சி. நெஞ்சு முன்னுக்குச் சரியுது, பெல்ற் பிடிக்குது, சரி, நிக்கப்போகுது, நிண்டிட்டுது. கோட்டைத் தாண்டி ஒரு சாண் கூடப் போய் நிண்டிட்டுது. ஒருத்தரும் கவனிக்கேல்லை. பிறேமன் போனுக்குள்ளை. தவமலர் சாப்பாட்டுப் பெட்டியின்ரை மூடியை அமத்திப் பாக்கிறா.

இந்தக் காரை வாங்கின அண்டைக்கே மச்சான் யோகநாயகம் சொன்னவன், "அத்தான், விசரே உங்களுக்கு? ஸ்னோ கொட்டுற ஊரிலை ஆரும் பின்சில்லுக் கார் வாங்குவினமோ? உது கோடையிலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரியிறவங்கடை கார்." அவன் கதைக்கிறது தடிமன் பிடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி, "அத்த்தான்" எண்டு மூக்காலை வரும், அதை நான் செய்து காட்டினால் என்ரை மனிசி பவளம், சொந்தத் தம்பி எண்டும் பாராமல், சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பா. ஆனால் அவன் சொன்னதிலை பிழையில்லை. மற்றாக்களின்ரை கார் முன்சில்லாலை இழுக்கும். இழுக்கிற கார் சொல்வழி கேக்கும், மூக்கு போற பக்கம் உடம்பும் போகும். என்ரை கார் பின்சில்லாலை தள்ளும். திருவிழாக் கூட்டத்துக்குள்ளை பின்னுக்கு நிண்டு தள்ளுறவனைத் தெரியுமெல்லோ, அவன் கொஞ்சம் கூடத் தள்ளினால் முன்னுக்கு நிக்கிறவன் சுத்துப்பட்டு அவன்ரை மூஞ்சியையே பாத்துக்கொண்டு நிப்பான். அதுதான் இந்தக் கார். ஸ்னோவிலை ஒரு இம்மி கூட அமத்தினால் வால் வெளியாலை போகும், வால் போற பக்கத்துக்கே ஸ்ரேறிங்கை வெட்டி, காலை மெள்ள எடுத்து, பேந்து மெள்ளக் குடுத்து, கோவிச்சுக்கொண்டு போற மனிசியைக் கூட்டிக்கொண்டு வாற மாதிரிக் கூட்டிக்கொண்டு வரோணும். டிக்கியிலை பாரத்துக்கு மண்மூட்டை போட்டிருக்கிறன், நல்ல ஸ்னோ டயர் போட்டிருக்கிறன், எல்லாம் போட்டும் கடைசியிலை இந்தக் காரைக் குளிர்காலத்திலை ஓட்டுறது கையில்லை, வலது காலின்ரை பெருவிரல். எனக்கு அது வாய்ச்சிருந்தது. சத்தத்துக்காக வாங்கின கார் இது, வித்தவன் எஞ்சினை ஸ்ராட் பண்ண அது பஜனைக்கு முன்னாலை சுருதி பிடிக்கிற மாதிரி ம்ம்ம் எண்டுது, நான் வேறையொண்டும் பாக்கேல்லை. எத்தினை ஸ்னோக் காலம் ஓடினன், முன்சில்லுக்காரர் எல்லாம் றோட்டோரக் கானுக்குள்ளை கிடக்க, நான் மணமேடைக்குப் போற மாப்பிள்ளை மாதிரிப் போவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாசா ஒண்டு பூட்டி, கார் விடுற வெளி வெறிச்சோடிக் கிடக்கேக்கை, பிறேமனையும் தவமலரையும் வைச்சுக்கொண்டே பம்பரம் மாதிரிச் சுத்திக் காட்டினனான். தவமலர் நல்லூர்க் கந்தனிலை தொடங்கி அவவுக்குத் தெரிஞ்ச அத்தினை சாமியையும் கூப்பிட்டா, கூப்பிட்டு முடிய, "இன்னொருக்காச் சுத்துங்கோ அண்ணை" எண்டா. அப்ப கால் இருந்தது. பெடலிலை ஒரு எறும்பு ஏறினாலும் தெரியும் எனக்கு. பச்சை விழுந்திட்டுது, போ, மெள்ள, ம்ம்ம், வால் ஒரு சொட்டு ஆடுது, ஆடட்டும், வா ராசாத்தி, வா.

எப்ப போனது கால்? களவு போன சாமானுக்கு எப்ப களவு போனதெண்டு ஆருக்குத் தெரியும், தேடேக்கைதானே தெரியும். முதல் விரல் நுனியிலை பஞ்சு வைச்ச மாதிரி. பேந்து பாதம் முழுக்கத் தடிச்ச மேஸ் போட்ட மாதிரி, மேஸைக் கழட்டினாலும் மேஸ் கிடக்கும். சீனி வருத்தம் எண்டால் உதெல்லாம் வரும் போகும் எண்டு இருந்திட்டன். ஒரு நாள் வேலையாலை வந்து சப்பாத்தைக் கழட்ட, உள்ளை ஒரு பிளாஸ்ரிக் துண்டு, மஃபின் தட்டு உடைஞ்ச துண்டு, ஷிஃப்ட் முழுக்க அதிலை ஏறி நிண்டிருக்கிறன், மேஸெல்லாம் ரத்தம். பவளம் கண்டிட்டு, "என்னப்பா உது?" எண்டா. "பீற்றூட்" எண்டன். "காலாலையோ பீற்றூட் சாப்பிடுறியள்?" எண்டா. ரெண்டு பேரும் சிரிச்சம். அதோடை அந்தக் கதை முடிஞ்சுது, பகிடி எண்டால் அதுதான் வசதி, எதையும் முடிச்சு வைக்கும். டொக்டரட்டைத் தனியாப் போனன். கண்ணை மூடச் சொன்னார், ஒரு நைலோன் நூலாலை பாதத்திலை தொடுவாராம், தொடுறது தெரியேக்கை ஓம் எண்டு சொல்லோணுமாம். நான் ஆர்? அவர் குனியேக்கை அவரின்ரை கதிரை கிறீச் எண்டும், கிறீச் எண்ட உடனை நான் ஓம். கிறீச், ஓம். கிறீச், ஓம். பள்ளிக்கூடத்திலையும் உப்பிடித்தான் பாஸ் பண்ணினனான், அதுவும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். கடைசியிலை டொக்டர் சொல்லுறார், "ஐயா, கண்ணைத் திறவுங்கோ. கடைசி நாலு தரமும் நான் கதிரையைத்தான் ஆட்டினனான்." பேந்து கேட்டார், கார் ஓடுறியளோ எண்டு. "இல்லை டொக்டர், மனிசிதான் ஓடுறவ" எண்டன். லிஃப்ற்றிலை ஏறவே கண்ணை மூடுற பவளம். "நல்லது, நீங்கள் ஓடவே படாது, பெடல் தெரியாத காலோடை ஓடினால் நீங்கள் மட்டும் சாகமாட்டியள்" எண்டார். மெல்லிய குரல் அவருக்கு, தேத்தண்ணியை ஊதிக் குடிக்கிற மாதிரிக் கதைப்பார். நீங்கள் மட்டும் சாகமாட்டியள். அடுத்த நாள் காருக்குள்ளை அந்தக் குரலை எடுத்தன், நானெண்டு சொல்லாமல், ஆரோ கிழவர் டொக்டரட்டைப் போன கதையாக்கி, கதிரை கிறீச்சும் நானே, ஓமும் நானே, டொக்டரும் நானே. பிறேமன் சீற்றிலை இருந்து வழுக்கி விழுந்திட்டான். அண்டையிலை இருந்து கிழமைக்கு ஒருக்காக் கேப்பினம், அண்ணை, அந்தக் கிறீச் ஓமைச் செய்யுங்கோ எண்டு.

"என்ன லிங்கண்ணை, இண்டைக்கு வாயிலை பிளாஸ்ரரோ?" தவமலர் தொடங்கிட்டா. "பவளமக்காவோடை சண்டை போல கிடக்கு" எண்டு பிறேமன் போனிலை இருந்து தலையை எடுக்காமல் சொல்லுறான். "சண்டை எண்டால் அதையும் செய்து காட்டியிருப்பாரெல்லோ, போன கிழமை அவ அகப்பையோடை நிண்டதைச் செய்யேல்லையோ" எண்டுறா தவமலர். "றோட்டு வழுக்குது, பாத்து ஓடுறன்" எண்டன், அதுக்கும் மூண்டு பேரும் சிரிக்கினம், "உது ஆர் அண்ணை, பள்ளிக்கூட பஸ் றைவரோ?" பாருங்கோ, சும்மா கதைச்சாலும் ஆரோ ஒருத்தற்றை குரல் எண்டுதான் நினைக்கினம். சிரிப்பு அடங்குமட்டும் ம்ம்ம் கேக்காது, அதுவரைக்கும் காலை முழுசாத் தூக்கி வைச்சன், கார் நடக்கிற மாதிரிப் போகுது, பின்னாலை வாறவன் ஹோர்ண் அடிக்கிறான். அடிக்கட்டும். இண்டையோடை விடோணும். நேத்தும் இதைத்தான் நினைச்சனான், ஸ்னோக் காலம் தொடங்கேக்கையும் இதைத்தான். விட்டால்? பிறேமன்ரை லைசன்ஸைக் குடிச்சுப்போட்டு ஓடினதுக்கு எடுத்துப்போட்டாங்கள். தவமலருக்கு ஓடத் தெரியாது. சுகிர்தா கோடையிலைதான் லைசன்ஸ் எடுத்தவள், காய்ஞ்ச றோட்டிலை மட்டும் ஓடினவள், கார் இல்லை. எங்கடை ஷிஃப்ட் முடியேக்கை அந்தப் பக்டரிப் பக்கம் பஸ் இல்லை. எல்லாருக்கும் வேலை போகும். அது ஞாயம்தான். ஆனால் அது மட்டுமில்லை, சொல்லு, உனக்குள்ளைதானே சொல்லுறாய், பொய் ஏன்? லிங்கண்ணையின்ரை கார் இல்லாட்டில் லிங்கண்ணை ஆர்? பக்டரியிலை மெசின் சத்தத்துக்குள்ளை ஒருத்தருக்கும் என்ரை பகிடி கேக்காது. வீட்டிலை பவளம் எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டா. இந்த அரை மணித்தியாலம், போக ஒண்டு வர ஒண்டு, நாலு கதவையும் சாத்திப்போட்டு, ஓடித் தப்ப ஏலாத மூண்டு சனம், இதுதான் என்ரை மேடை. காலையும் விட்டு இதையும் விட்டால் மிச்சம் என்ன கிடக்கு, சீனி பாக்கிற மெசினும் நானும். "அங்கிள், சுகமில்லையோ உங்களுக்கு?" எண்டு சுகிர்தா பின்னாலை இருந்து மெதுவாக் கேக்கிறாள். அவளின்ரை கை என்ரை சீற்றின்ரை தோள்பட்டையிலை. வந்து ஒரு வருசமும் ஆகேல்லை, பிள்ளையை மாமியட்டை விட்டிட்டு வாறவள், முதல் ஸ்னோக் காலம் அவளுக்கு. "நீங்கள் பேசாமல் இருக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கண்ணை" எண்டு தவமலரும் குரலை இறக்கினா, "ஏதோ நடக்கப்போற மாதிரி." காருக்குள்ளை ஒரு அமைதி. ஆ, என்ன வடிவான அமைதி, ம்ம்ம் துல்லியமாக் கேக்குது, உப்பிடியே பயந்துபோய் இருங்கோ பிள்ளையள், பயந்தால் உயிரோடை போய்ச் சேருவம். ஆனால் கண்ணாடியிலை அந்தப் பெட்டையின்ரை முகத்தைப் பாத்தன். பாத்திருக்கப்படாது. நான் சிரிக்கப்பண்ண ஏலாத முகத்தோடை என்ரை காரிலை ஒருத்தரும் இருந்ததில்லை.

ஒண்டு மட்டும் எண்டு நினைச்சன். சின்னனா ஒண்டு. கோயில் ஒலிபெருக்கி. அது எல்லாருக்கும் கேட்டுக் கேட்டுப் புளிச்சது, பெரிசாச் சிரிக்கமாட்டினம். தொண்டையைக் கனைச்சு, மூக்கைப் பிடிச்சு, "பக்த அடியார்களே… வெள்ளை நிற வான்… வெள்ளை நிற வான் ஒண்டு… அன்னதான மண்டப வாசலை மறைச்சுக்கொண்டு நிக்கிறதாலை… சாம்பார் வெளியாலை வர ஏலாமல் கிடக்கு…" பிறேமன் போனைக் கீழை வைச்சான். முடிஞ்சுது. "வானின்ரை உரிமையாளர்… உடனடியா… சாம்பாருக்கு வழிவிடவும்…" தவமலர் தொடையிலை அடிச்சுச் சிரிக்கிறா, சுகிர்தாவும், அந்தா முகம் திறக்குது, விசிலடிக்கிற மாதிரிச் சின்னச் சிரிப்பு, அது எனக்குக் குடிகாரனுக்குச் சாராய மணம் வந்த மாதிரி, நிப்பாட்ட ஏலுமோ, கிருபைராசா வந்திட்டார் என்ரை வாய்க்குள்ளை, தமிழரோடை தமிழ் தெரியாத மாதிரி நிக்கிற எங்கடை சுப்பவைசர், "ப்ளீஸ்… நோ ரோக்கிங்… ரைம் இஸ் மணி" எண்டு நெஞ்சை நிமித்தி, பேந்து தட்டுக்குள்ளை விரல் அகப்பட்ட உடனை, "ஐயோ என்ரை அம்மாளாச்சி!" கார் முழுக்கச் சிரிப்பு, கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகார், ரயில் பாலம் தாண்டி இறக்கம் வருது, இறக்கம் தெரியும் எனக்கு, காலை எடுக்கோணும், எடுத்தனோ? எடுத்தனோ? ம்ம்ம் எங்கை? தவமலரின்ரை சிரிப்பு கேக்குது, பிறேமன்ரை கைதட்டல் கேக்குது, எஞ்சின் எங்கை, அடே கொஞ்சம் வாயை மூடுங்கோவன், கறகறப்பு, கறகறப்பில்லை இது கத்துது, பின்சில்லு தனியாச் சுத்துது, எடு, எடு காலை, எடுத்திட்டன் எண்டு நான் நினைக்கிறன், கார் இல்லை எண்டுது. வால் வெளியாலை போட்டுது. வால் போற பக்கம் வெட்டு, வெட்டினன், கை தன்ரை வேலையைச் செய்யுது, கால் ஆரின்ரையோ கால். முன்கண்ணாடியிலை வீடுகள் ஓடுது பக்கவாட்டிலை, ஒரு மரம், ஒரு பஸ் தரிப்பு, தரிப்பிலை ஒரு மனிசி, பச்சைத் தொப்பி, கையிலை கோப்பிக் கப், வாய் திறந்து கிடக்கு, அவவின்ரை பல்லுக்கூடத் தெரிஞ்சுது எனக்கு, அவ்வளவு கிட்ட, என்ரை காரின்ரை வால் அவவின்ரை முழங்காலைத் துடைக்கிற மாதிரிப் போகுது, போகுது, போட்டுது. தொப். ஸ்னோக் குவியலிலை பின்பக்கம் மெத்தையிலை இருந்த மாதிரி. நிண்டிட்டுது. வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். அந்த மனிசி அப்பிடியே நிக்கிறா, கப்பை விட்ட கை மட்டும் கப்பைப் பிடிச்ச மாதிரி.

பேந்து பிறேமன் ரெண்டு கையாலும் டாஷ்போர்ட்டிலை அடிக்கிறான், "அண்ணை! சா! றோட்டிலையே சுத்திக் காட்டிப்போட்டியள்!" தவமலர் நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு, "நாசமாப் போவார், உயிர் போய் வந்துது, அதுக்குத்தானே இவ்வளவு நேரமும் ஊமை மாதிரி வந்தவர், கள்ளன்!" எண்டு என்ரை தோளிலை குத்துறா. சுகிர்தா அழுகையும் சிரிப்புமா, "அங்கிள் கூடாது, அங்கிள் கூடாது" எண்டுறாள். அந்தப் பச்சைத் தொப்பியை ஒருத்தரும் காணேல்லை, அவ என்ரை பக்கக் கண்ணாடிக்குள்ளைதான் நிக்கிறா. நான் வாயைத் திறந்தன். "எனக்குக் கால் தெரியேல்லை" எண்டன். அவ்வளவுதான் சொன்னன். வெடிச்சுது சிரிப்பு. "ஐயோ, கிறீச் ஓம் கிழவர்!" எண்டு பிறேமன் தன்ரை சீற்றை ஆட்டிக் கிறீச் எண்டு காட்டுறான். "உண்மையாச் சொல்லுறன், வலது கால், பாதம் முழுக்க, பெடல் தெரியேல்லை எனக்கு" எண்டன், தவமலர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "குரல் நடுங்குறதைப் பார், அப்பிடியே வருத்தக்காரக் கிழவர்தான்" எண்டுறா. நான் நடிக்கேல்லை எண்டு கத்தினன், கத்தினதுக்கும் சிரிச்சினம், அது ஆரோ கோவக்காரனாம். என்ன செய்ய? ஊரிலை உள்ள அத்தினை பேரின்ரை குரலும் எடுப்பன், எல்லாரும் நம்புவினம். என்ரை பயத்துக்கு ஒரு குரல் எடுக்க ஏலேல்லை, இருந்த எல்லாத்தையும் பகிடிக்குக் குடுத்திட்டன்.

அப்பதான் அது வந்துது, அந்தக் கெட்ட நினைப்பு, நல்ல சினேகிதன் மாதிரி வந்து தோளிலை கை போடுது. விடன். அவையே கதையை முடிச்சுத் தந்திட்டினமெல்லோ. லிங்கண்ணை வேணுமெண்டு சுத்தினவர். இண்டைக்கு பக்டரி முழுக்க உதுதான் கதை, கிருபைராசாகூட வந்து கேப்பார். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. கீழை பக்டரி கிட்ட, இன்னும் நாலு லைற்தான், பேசாமல் ஓடினால் போய்ச் சேந்திடலாம், நாளைக்கு ஸ்னோ விடும், வெயில் வந்தால் றோட்டு காயும். கியரைப் போட்டன். காலை மெள்ள வைச்சன். மெள்ள எண்டுதான் நான் நினைச்சன், எஞ்சின் ஆஆஆ எண்டு அலறுது, சில்லு ஸ்னோவைப் பின்னாலை வாரி எறியுது, நான் குனிஞ்சு பாக்கிறன், என்ரை சப்பாத்து பெடலை அடிமட்டும் அமத்திக்கொண்டு கிடக்கு, எனக்கு ஒண்டுமே தெரியேல்லை, வேறை ஆரின்ரையோ சப்பாத்தை ஆரோ அதிலை வைச்சிட்டுப் போன மாதிரி. பிறேமன், "குடுங்கோ அண்ணை, குடுங்கோ!" எண்டுறான். கண்ணாடியிலை அந்த மனிசி இப்பதான் குனிஞ்சு கப்பை எடுக்கிறா, எடுக்க ஏலேல்லை, திருப்பியும் குனியிறா. காலைக் கையாலை பிடிச்சுத் தூக்கி எடுத்தன். எஞ்சினை நிப்பாட்டினன். பேந்து பேசாமல் இருந்தன். "இப்ப என்ன அண்ணை, செத்த வேசமோ?" எண்டான் பிறேமன். "போதும் அண்ணை, ஷிஃப்டுக்கு நேரமாகுது" எண்டா தவமலர். வாய்க்குள்ளை பத்துப் பேர் முட்டிக்கொண்டு நிக்கினம், ஒலிபெருக்கி நிக்குது, யோகநாயகம் நிக்கிறான், ஒருத்தரையும் வெளியாலை விடேல்லை. கண்ணாலை தண்ணி வந்தது, அதையும் துடைக்கேல்லை, துடைச்சால் அதுவும் ஆரோவாப் போகும். முதல் சிரிப்பை நிப்பாட்டினது சுகிர்தா. பேந்து தவமலர். பிறேமன் ஒரு சொட்டுச் சிரிச்சு, தன்ரை சிரிப்புத் தனியாக் கேக்க, அதை விழுங்கிப்போட்டான். வைப்பர் பாதியிலை நிண்டது நிண்டபடி, ஸ்னோ கண்ணாடியை மூடிக்கொண்டு வருது, உள்ளை இருட்டுது. "லிங்கண்ணை" எண்டு தவமலர் கூப்பிட்டா, நான் இதுவரைக்கும் கேக்காத குரல், இதை எடுக்கவே ஏலாது என்னாலை. "உண்மையாவோ?" நான் கார்த் திறப்பை உருவிப் பின்னுக்கு, சுகிர்தாவிட்டை நீட்டினன்.

"எனக்கு ஸ்னோவிலை ஓடத் தெரியாது அங்கிள்" எண்டு சுகிர்தா கையை மடியிலை வைச்சுக்கொண்டு சொல்லுறாள். "பக்டரிக்கு இல்லைப் பிள்ளை. உந்தா, உந்தப் பிளாசாக்குள்ளை விட்டால் போதும். நடுறோட்டிலை வைக்கேலாது." தவமலர் போனை எடுத்து, "நாங்கள் நாலு பேரும் இண்டைக்கு வரேல்லை" எண்டு ஆருக்கோ இங்கிலீசிலை சொல்லுறா, விளக்கம் ஒண்டும் குடுக்கேல்லை. பிறேமன் வெளியாலை இறங்கிக் கையாலை ஸ்னோவைக் கிண்டி எறிஞ்சு போட்டுத் தள்ள நிக்கிறான், அவன் என்ரை முகத்தைப் பாக்கிறானில்லை. நான் காரைப் பிடிச்சுப் பிடிச்சுச் சுத்திவந்து அவன்ரை சீற்றிலை இருந்தன். இந்தப் பக்கத்திலை இருந்து என்ரை காரை நான் பாத்ததேயில்லை, பெரிசாக் கிடக்கு. அந்த மனிசியைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டன், அவவுக்கு என்ன விளங்கினதோ தெரியாது, பஸ் வந்துது, ஏறிப் போட்டா. சுகிர்தா சீற்றை முன்னுக்கு இழுத்து, ஸ்ரேறிங்கை ரெண்டு கையாலும் பிடிச்சு, ஸ்ராட் பண்ணினாள். ம்ம்ம். "இனி என்ன அங்கிள்?" "மெள்ளக் காலை வை. அமத்தாதை. வை, அவ்வளவுதான்." "எவ்வளவு மெள்ள?" அதுக்கு ஒரு சொல்லும் இல்லை, அது என்ரை விரலுக்குள்ளை இருந்தது. "எஞ்சின் சத்தத்தைக் கேக்கட்டோ?" எண்டாள். "வேண்டாம்" எண்டன். "சத்தத்தை விடு. காலுக்குக் கீழை என்ன தெரியுது, அதைச் சொல்லு." கண்ணை மூடினன். "பெடல் கொஞ்சம் நடுங்குது அங்கிள்" எண்டாள். "உள்ளை ஒரு ஸ்பிரிங் மாதிரி, தள்ளிவிடப் பாக்குது." ஓம். ஓம் பிள்ளை, தள்ளிவிடப் பாக்கும். "சப்பாத்துக்குள்ளாலை குளிருது. இப்ப… இப்ப கொஞ்சம் இளகுது, மெத்தெண்டு போகுது." கார் அசையிறது முதுகிலை தெரிஞ்சுது, வால் ஆடேல்லை, ஸ்னோவுக்குள்ளை சில்லு கறுக் கறுக் எண்டு பிடிச்சுப் பிடிச்சு ஏறுது. "அங்கிள், போகுது, போகுது!" "றோட்டைப் பார்" எண்டன். "பாத்துக்கொண்டு சொல்லு. வேறை என்ன தெரியுது? பெருவிரலுக்கு என்ன தெரியுது?"